கொலாஜ் மேல் ஊற்றிய எபாக்சி சரியாக அமையாதபோது: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் முறை

காகிதத் துண்டுகளைப் பல நாள் உழைத்து ஒட்டி முடித்த கொலாஜ் படத்தின் மேல், எபாக்சி ரெசின் என்னும் திரவப் பிசினை அதை இறுகச் செய்யும் ஹார்டனரோடு கலந்து ஊற்றி, தூசி படாமல் மூடி வைத்துவிட்டு, மறுநாள் மூடியைத் தூக்கிப் பார்க்கிறோம். கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டிய பரப்பில் ஓர் இடம் கையுறையில் ஒட்டுகிறது, இன்னோர் இடம் எண்ணெய் பட்ட காகிதம்போல் கறுத்திருக்கிறது, வேறோர் இடத்தில் சிறு சிறு பள்ளங்கள் தெரிகின்றன. அந்த நேரத்தில் பெரும்பாலோர் செய்வது, உடனே இன்னொரு குவளை ரெசினைக் கலந்து அதன் மேலேயே ஊற்றிவிடுவதுதான். இரண்டாம் பூச்சு சில குறைகளுக்கு உண்மையிலேயே மருந்தாகும். வேறு சில குறைகளையோ அது நிரந்தரமாக உள்ளே வைத்துப் பூட்டிவிடும். எந்தக் குறை எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரியும்வரை படத்தைத் தொடாமல் இருப்பதே முதல் வேலை.

காரணத்தைக் கண்டறிய, குறை எங்கே இருக்கிறது, எப்போது தோன்றியது, என்ன வடிவில் இருக்கிறது என்ற மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் போதும். குறையின் எல்லை ஒட்டப்பட்ட ஒரு காகிதத் துண்டின் எல்லையோடு அப்படியே பொருந்தினால், பிழை அந்தக் காகிதத்திலோ, ரெசின் உள்ளே ஊறாதபடி அதை அடைத்த பசைப்பூச்சிலோ இருக்கிறது. துண்டுகளின் எல்லையை மதிக்காமல் படம் முழுதும் கோடாகவோ திட்டாகவோ ஓடினால், பிழை கலக்கிய குவளையில் இருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவியிருந்தால் அறையின் வெப்பத்தையும் ஈரத்தையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். அடுத்தபடியாக ரெசினையும் ஹார்டனரையும் கலந்த அளவு விகிதத்தை. வட்டமான குறைகள் காற்றாலோ எண்ணெய்ப் பசையாலோ வருபவை.

இவற்றோடு ஒரு பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டால் கண்டறிதல் மிக எளிதாகும். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும், அதே கலவையிலிருந்து சில துளிகளை ஒரு பிளாஸ்டிக் மூடியின் மேல், படத்தின் மேல் இருக்கும் அதே கனத்தில் விட்டு, தேதி எழுதி, படத்தின் அருகிலேயே இறுக விடுங்கள். நான் இதைச் சாட்சித் துளி என்று அழைப்பது வழக்கம். படம் கெட்டு, சாட்சித் துளி நன்றாக இறுகியிருந்தால் ரெசினின் மேல் குற்றமில்லை. இரண்டும் ஒன்றாகக் கெட்டிருந்தால் காகிதத்தைத் திட்டிப் பயனில்லை. குவளையின் அடியில் மிஞ்சியதைச் சாட்சியாகக் கொள்ளக் கூடாது. அங்கே ரெசின் திரண்டு நிற்பதால் அதிக வெப்பம் உண்டாகி, மெல்லிய பூச்சைவிட முன்னதாக இறுகிவிடும்.

பழுது பார்க்கும்போது கையாளப்படுவது பெரும்பாலும் அரைகுறையாக இறுகிய ரெசின் என்பதால், முதன்முறை ஊற்றும்போது இருந்ததைவிடக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். நைட்ரைல் கையுறை அணிய வேண்டும். தோலில் பட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டுமே தவிர ஆல்கஹாலோ தின்னரோ கொண்டு துடைக்கக் கூடாது. கரைப்பான் தோலின் இயற்கையான எண்ணெயை எடுத்துவிட்டு ரெசின் உள்ளே செல்ல வழி செய்கிறது. எபாக்சிக்குத் தோல் ஒருமுறை ஒவ்வாமை கொண்டுவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். உப்புத்தாள் போடும் வேளையில் தூசிக்கான முகக்கவசமும், காற்றோட்டமும் கட்டாயம்.

அறிகுறி: பரப்பு பிசுபிசுக்கிறது, இறுகவில்லை

எல்லாக் குறைகளிலும் இதுவே அடிக்கடி வருவது. தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. பிசுபிசுப்பு எப்படிப் பரவியிருக்கிறது என்று கையுறை அணிந்த விரலால் பல இடங்களில் மெல்லத் தொட்டுப் பாருங்கள்.

எல்லா இடமும் ஒரே அளவில் ஒட்டுகிறது, ஆனால் நகம் பதியும் அளவுக்கு உறுதியும் இருக்கிறது என்றால் அறை குளிர்ந்திருக்கக்கூடும். பூச்சு ரெசின்களின் உறைகளில் போட்டிருக்கும் நேரக் கணக்கு பெரும்பாலும் 22 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரையிலான அறைக்கு உரியது. வெப்பம் குறைந்தால் வேதிவினை மெதுவாகும்; 24 மணி நேரத்தில் தொடத் தக்கதாக ஆக வேண்டிய பரப்பு இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். படத்தைச் சற்றே வெப்பமான இடத்துக்கு மாற்றி ஒரு நாள் கழித்து மீண்டும் தொடுங்கள். நேற்றைவிட இன்று உறுதி கூடியிருந்தால் பொறுமையைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. மூன்று நாள் வெப்பத்தில் இருந்தும் மாற்றமே இல்லை என்றால் வெப்பம் காரணமன்று. அளவு விகிதம் தவறியிருக்கிறது.

அளவு தவறுவதற்குக் கவனக்குறைவைவிட, கவனமாகவே செய்யும் ஒரு பிழைதான் காரணம். உறையில் ‘ஒன்றுக்கு ஒன்று’ என்று போட்டிருக்கும். அது கொள்ளளவைக் குறிப்பது. துல்லியத்தை விரும்புகிறவர் அதை மின்னணுத் தராசில் நிறுத்து 100 கிராமுக்கு 100 கிராம் என்று எடுப்பார். ரெசின் ஒரு மில்லிலிட்டருக்கு 1.1 கிராமுக்கும் சற்று மேல் எடையுள்ளது; ஹார்டனர் பெரும்பாலும் 1 கிராமை ஒட்டியே இருக்கும். எனவே எடையைச் சமமாக்கும்போது ஹார்டனர் கொள்ளளவில் கூடிவிடுகிறது. தயாரிப்பாளர் எடை விகிதத்தையும் தனியே கொடுத்திருந்தால் மட்டுமே தராசைப் பயன்படுத்த வேண்டும். இல்லையேல் கோடிட்ட அளவுக் குவளையே சரியான கருவி.

விரைவாக இறுக வேண்டும் என்று ஹார்டனரை வேண்டுமென்றே சற்றுக் கூட்டி விடுகிறவர்களும் உண்டு. பாலியெஸ்டர் ரெசினில் வேலை பழகியவர்களுக்கு இந்த எண்ணம் இயல்பாக வரும். அங்கே சில துளிகளாகச் சேர்க்கப்படும் பொருள் வினையைத் தூண்டிவிடுவது மட்டுமே. எபாக்சியில் ஹார்டனர் தூண்டுகோலன்று, இணையும் பங்காளி. ரெசின் மூலக்கூறுகளோடு அது எண்ணிக்கையில் பொருந்தி இணைய வேண்டும். எந்தப் பக்கம் கூடினாலும், இணை கிடைக்காத மிச்சம் பூச்சுக்குள் திரவமாகவே தங்கிப் பிசுபிசுப்பாக வெளிப்படும்.

பெரும்பகுதி கண்ணாடிபோல் இறுகி, அங்கங்கே திட்டுகளோ நீண்ட கோடுகளோ மட்டும் ஈரமாக நிற்கின்றன என்றால், அளவு சரி, கலக்கியதுதான் போதவில்லை. குவளையின் சுவரிலும் அடி விளிம்பிலும் கலவாத ரெசின் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊற்றி முடித்ததும் ஒரு துளியும் வீணாகக் கூடாதென்று குவளையைக் கவிழ்த்துப் படத்தின் மேல் வடியவிடுகிறோமே, அந்தச் சிக்கனம்தான் இந்தத் திட்டுகளை உண்டாக்குகிறது. குறைந்தது மூன்று நிமிடம், சுவரையும் அடியையும் தட்டையான குச்சியால் வழித்து வழித்துக் கலக்க வேண்டும். பிறகு கலவையை வேறொரு சுத்தமான குவளைக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம் கலக்கினால், முதல் குவளையின் சுவரில் ஒட்டியிருந்தது அங்கேயே நின்றுவிடும்.

திட்டுகளைச் சீர்செய்ய, ஈரமாக நிற்பதைப் பிளாஸ்டிக் தகட்டால் வழித்து எடுத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, ஆல்கஹால் முழுதும் ஆவியான பின் சுற்றியுள்ள இறுகிய பகுதியையும் சேர்த்து உப்புத்தாள் போட்டு, புதிதாகக் கலந்த ரெசினை முழுப் பரப்பிலும் ஊற்ற வேண்டும். திட்டை மட்டும் நிரப்பினால் விளிம்பு எப்போதும் கண்ணில் தெரியும். ஈரத்தின் மேலேயே புதுப்பூச்சு ஊற்றினால் அடியிலிருப்பது ஒருபோதும் இறுகாது. மேலே ஓடு, கீழே கூழ் என்ற நிலையில் சில மாதங்களில் விளிம்பு வழியாகக் கசியத் தொடங்கும்.

முழுப் படமும் அளவுப் பிழையால் கூழாக நின்றுவிட்டால் எல்லாவற்றையும் வழித்தெடுப்பது தவிர வழியில்லை. அடியிலுள்ள பசைப்பூச்சு தரமாக இருந்தால் மட்டுமே காகிதம் பிழைக்கும். ஆல்கஹாலைத் தாராளமாகப் பயன்படுத்தினால் அக்ரிலிக் பூச்சையும் அது இளக்கிவிடும் என்பதால், துணியை நனைத்துப் பிழிந்து, ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிராமல் ஒற்றி எடுக்க வேண்டும். எல்லாக் கொலாஜையும் காப்பாற்றிவிடலாம் என்று சொல்ல என்னால் முடியாது.

அறிகுறி: காகிதம் எண்ணெய் பட்டதுபோல் கறுத்துத் தெரிகிறது, பின்பக்க எழுத்து முன்னால் தெரிகிறது

இந்தக் குறை கொலாஜுக்கே உரியது. மரத்தின் மேலோ கல்லின் மேலோ ஊற்றுகிறவர்களுக்கு இதன் வேதனை தெரியாது. காகிதம் வெள்ளையாகத் தெரிவது அதன் இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்றால்தான். இழைக்கும் காற்றுக்கும் ஒளிவிலகல் எண்ணில் பெரும் வேறுபாடு இருப்பதால் ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது. ரெசின் உள்ளே நுழைந்து காற்றை வெளியேற்றியதும், இழையின் ஒளிவிலகல் எண்ணும் ரெசினின் எண்ணும் ஏறத்தாழ 1.5 என்ற அளவில் நெருங்கி நிற்பதால், ஒளி சிதறாமல் ஊடுருவிச் சென்றுவிடுகிறது. பலகாரம் வைத்த தாளில் எண்ணெய் ஊறி மறுபக்கம் தெரிவதும் இதே காரணத்தால்தான். எண்ணெயையாவது ஓரளவு ஒற்றி எடுக்கலாம். ஊறி இறுகிய எபாக்சியைக் காகிதத்திலிருந்து பிரிக்க முடியாது.

ஆகவே இங்கே கண்டறிதல் என்பது அடுத்த படத்துக்காகத்தான். கறுத்த திட்டு ஒரு துண்டு முழுவதையும் பிடித்திருந்தால் அந்தத் துண்டுக்குப் பசைப்பூச்சு போடவே இல்லை, அல்லது அந்தக் காகிதம் மற்றவற்றைவிட அதிகம் உறிஞ்சும் வகை. செய்தித்தாள், கைவினைக் காகிதம், மெல்லிய டிஷ்யூ ஆகியவை இதில் முன்னணியில் நிற்பவை. துண்டின் ஓரத்தில் மட்டும் நிழல்போலக் கறுத்திருந்தால், மேற்பரப்பு அடைபட்டிருக்கிறது, வெட்டிய விளிம்பு அடைபடவில்லை; ரெசின் பக்கவாட்டில் ஊறி நுழைந்திருக்கிறது. நடுவில் புள்ளி புள்ளியாக இருந்தால் தூரிகை தவறவிட்ட இடங்கள் அவை.

அடைப்புக்கு நீரில் கரையும் வெள்ளைப் பி.வி.ஏ. பசையோ, தெளிவாகக் காயும் அக்ரிலிக் மீடியமோ போதும். ஒரு தடித்த பூச்சு போடுவதைவிட, முதல் பூச்சைக் கிடைவாட்டிலும் அடுத்ததை நெடுவாட்டிலுமாக, ஒன்று காய்ந்த பின் மற்றொன்றாக, இரண்டு அல்லது மூன்று மெல்லிய பூச்சுகள் போடுவது நல்லது. விளிம்புகளைத் தூரிகையின் நுனியால் குத்தி நிரப்ப வேண்டும். அடைப்பு முழுமையா என்று அறிய, படத்தில் பயன்படுத்திய ஒவ்வொரு வகைக் காகிதத்திலும் ஒரு வெட்டுத்துண்டை அதே முறையில் அடைத்து வைத்துக்கொண்டு, அதன் மேல் முதலில் ரெசினைச் சோதித்துப் பாருங்கள். இதற்கு ஒரு நாள் கூடுதலாகும். படத்தை இழப்பதோடு ஒப்பிட்டால் அது பெரிதன்று.

ஓவியருக்கு இல்லாத ஒரு சலுகை கொலாஜ் செய்கிறவருக்கு உண்டு. கறுத்துப்போன துண்டின் மேல், ரெசின் முழுதும் இறுகிய பின் உப்புத்தாள் போட்டு, அதே அளவில் வேறொரு துண்டை ஒட்டி, அடைத்து, மேலே இன்னொரு பூச்சு ஊற்றிவிடலாம். இரண்டு ரெசின் அடுக்குகளுக்கு இடையே மிதக்கும் அந்தத் துண்டு கீழே ஒரு மெல்லிய நிழலை விழச்செய்யும். என்னிடமுள்ள ஒரு படத்தில் பார்ப்பவர்கள் முதலில் பாராட்டுவது இப்படிப் பிழையை மறைக்க ஒட்டிய துண்டைத்தான்.

மை பரவியிருந்தால் அது வேறு குறை. இங்க்ஜெட் அச்சும் ஸ்கெட்ச் பேனாவும் நீரில் கரையும் சாயம் கொண்டவையாக இருப்பதால், அவை பெரும்பாலும் ரெசின் பட்டுப் பரவுவதில்லை. அதற்கு முன் பூசிய நீர்ப்பசையிலேயே பரவிவிடுகின்றன. அத்தகைய துண்டுகளுக்கு முதலில் அக்ரிலிக் ஸ்ப்ரேயை எட்ட நின்று, இரண்டு மெல்லிய தடவையாக அடித்து, காய்ந்த பின்னரே தூரிகைப் பூச்சு போட வேண்டும். லேசர் அச்சுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி: குமிழிகளும் ஊசித்துளைகளும்

ஊற்றியவுடன் பரப்பெங்கும் நுரைபோல் தெரியும் நுண்குமிழிகள் கலக்கியபோது புகுந்த காற்று. மெதுவாகக் கலக்குவதும், குளிர்ந்த பாட்டில்களைக் கலப்பதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் நிறுத்தி இளக்குவதும் அவற்றைக் குறைக்கும். வெப்பம் ஏறிய ரெசின் வேலைக்கான நேரத்தையும் குறைத்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. மேலே வந்த குமிழியைப் பியூட்டேன் டார்ச்சின் சுடரை ஒரு கணமும் ஓரிடத்தில் நிறுத்தாமல் வீசிச் செல்வதன் மூலம் உடைக்கலாம். சுடர் தங்கிய இடத்தில் ரெசின் மஞ்சளாகும், காகித விளிம்பு தூக்கியிருந்தால் கருகும். ஹீட் கன் கொண்டும் உடைக்கலாம். ஆனால் அதன் காற்று ரெசினை அலையடிக்கச் செய்வதோடு தூசியையும் அள்ளி வரும். குமிழியை உடைக்க ஆல்கஹால் தெளிப்பதும் உண்டு; அப்படித் தெளித்த பரப்பின் அருகே சுடரைக் கொண்டுபோவது தீவிபத்து என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு யோசனைகளையும் தனித்தனியே படித்துவிட்டு ஒன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

உடைத்த பிறகும் அதே புள்ளியிலிருந்து மீண்டும் மீண்டும் குமிழி எழுந்தால் அது கலவையின் காற்றன்று. காகிதத்துக்கு அடியிலிருந்தோ மரப்பலகையின் துளையிலிருந்தோ வருகிறது. இதற்குச் சுடர் தீர்வாகாது. சூடேறிய காற்று விரிந்து இன்னும் அதிகமாகவே எழும். ரெசின் திரளத் தொடங்கும் வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, ஊசி நுனியால் உடைத்துக்கொண்டிருப்பதே செய்யக்கூடியது. அடுத்த முறைக்கு ஒரு நுட்பம் உண்டு. அறையின் வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும் முற்பகலில் ஊற்றினால் அடியிலுள்ள காற்று விரிந்து வெளியே வரும். வெப்பம் இறங்கும் மாலையில் ஊற்றினால் அதே காற்று சுருங்கும். மரப்படகுகளுக்கு எபாக்சி பூசுகிறவர்கள் கையாளும் முறை இது. கொலாஜுக்கும் அப்படியே பொருந்துகிறது.

இறுகிய பின் கண்டுபிடித்த குமிழியைக் கூர்நுனிக் கத்தியால் திறந்து, தூசியை அகற்றி, பல்குத்தும் குச்சியால் ஒரு துளி ரெசின் வைத்து நிரப்பலாம். ஒன்றிரண்டு என்றால் இது போதும். பத்துக்கு மேல் என்றால் முழுப் பரப்பையும் உப்புத்தாள் போட்டு மறுபூச்சு ஊற்றுவது நேரத்தையும் மிச்சப்படுத்தும், தோற்றத்தையும் காக்கும்.

குமிழியைப்போல் வட்டமாக இல்லாமல், காகிதத்தின் கீழே பாதரசம் பூசியதுபோல் வெள்ளிநிறத்தில் மின்னும் திட்டைக் குமிழி என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே காகிதம் பலகையில் ஒட்டாமல் தூக்கி நிற்கிறது. ஊற்றுவதற்கு முன் படத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவிப் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும். பிளேடால் சிறு கீறல் போட்டு, உள்ளே பசை செலுத்தி அழுத்தினால் தீர்ந்திருக்கும். ஊற்றிய பின் மேலே வேறு துண்டு ஒட்டி மறைப்பதே வழி.

அறிகுறி: வெண்மையான மங்கல்

ஈரத்துணி ஒன்றே இங்கே சோதனைக் கருவி. வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பு கலந்து ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள். மங்கல் வழுவழுப்பான படலமாகக் கரைந்து போய்விட்டால், காற்றிலிருந்த ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் ஹார்டனரிலுள்ள அமைன்கள் என்னும் வேதிப்பொருள்களோடு வினைபுரிந்து மேலே விட்ட படிவு அது. முழுதும் கழுவித் துடைத்தால் போதும். இதைக் கழுவாமல் மறுபூச்சு ஊற்றினால் இரண்டு பூச்சுகளும் ஒன்றோடொன்று பிடிக்காது. உப்புத்தாள் போட்டு எடுத்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். தேய்ப்பது படிவைப் பரப்புமேயன்றி அகற்றாது. கழுவிய பின்னரே தேய்க்க வேண்டும்.

நனைந்திருக்கும்போது தெளிந்து, உலர்ந்ததும் மீண்டும் மங்கினால் அது மேற்பரப்பின் நுண்கீறல். மேன்மேலும் நுண்ணிய உப்புத்தாளால் நீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றினாலோ ஒரு மெல்லிய மறுபூச்சு ஊற்றினாலோ மறைந்துவிடும்.

நனைத்தும் எந்த மாற்றமும் இல்லையென்றால் மங்கல் உள்ளே இருக்கிறது. அடைப்புப் பசை மேலே காய்ந்ததுபோல் தோன்றி, அடியில் ஈரத்தோடு இருந்திருக்கும். இது தீராத குறை. தொடுவதற்குக் காய்ந்த பசைக்கும் உள்வரை காய்ந்த பசைக்கும் வேறுபாடு உண்டு. பல அடுக்குக் காகிதம் ஒட்டிய கொலாஜில் கடைசிப் பூச்சுக்குப் பின் ஒரு முழு நாளாவது, ஈரக் காற்று உள்ள பருவத்தில் இரண்டு நாளாவது விட்டுவைப்பது நல்லது. கன்னத்தின் மேல் வைத்துப் பார்க்கையில் சில்லென்று இருக்கும் பரப்பு இன்னும் காயவில்லை.

ரெசின் பாட்டிலிலேயே வெண்மையாகக் குருணை தட்டியிருந்தால் அது கெட்டுப்போகவில்லை. குளிரில் தேன் உறைவதுபோல் உறைந்திருக்கிறது. பாட்டிலைச் சுடுநீரில் நிறுத்தி, முழுதும் தெளிந்து, அறை வெப்பத்துக்கு ஆறிய பின் பயன்படுத்தலாம்.

அறிகுறி: ரெசின் விலகி வட்டப் பள்ளங்கள் தெரிகின்றன

மீன்கண் என்று சொல்லப்படும் இந்தப் பள்ளங்களின் நடுவே காகிதம் ஏறத்தாழ வெறுமையாகத் தெரியும். கைரேகையின் எண்ணெய், கைக்குத் தடவும் கிரீம், மெழுகு வண்ணக்குச்சி, சிலிகோன் கலந்த ஏதேனும் தெளிப்பான் ஆகியவற்றில் ஒன்று அங்கே பட்டிருக்கும். பூச்சு மிக மெல்லியதாக இருந்தாலும் இதே பள்ளங்கள் வரும், ஏனெனில் பூச்சு ரெசின் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனத்தில்தான் தானாகச் சமன்படுகிறது. அதற்குக் கீழே இழுத்துப் பரப்பினால் தன் பரப்பு இழுவிசையால் சுருங்கிக்கொள்ளும். கணக்கு எளிது: 30 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் படத்துக்கு 3 மில்லிமீட்டர் கனம் வேண்டுமென்றால் 360 மில்லிலிட்டர் தேவை, விளிம்பில் வழிவது தனி. பள்ளம் விழுந்த படத்தில் பள்ளங்களை மட்டும் நிரப்ப முயல வேண்டாம். முழுப் பரப்பையும் உப்புத்தாள் போட்டு, ஆல்கஹாலால் துடைத்து, உலரவிட்டு, முழுக் கனத்தில் ஊற்றுங்கள்.

அறிகுறி: ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்திருக்கிறது

மேசை மட்டமாக இல்லை. ரசமட்டத்தை மேசையின் மேல் மட்டும் வைத்துப் பார்க்காமல் படத்தின் மேலேயே நெடுக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் குளம்போல் தேங்கியிருந்தால் கேன்வாஸ் துணி எடையால் தொய்ந்திருக்கிறது. சட்டத்துக்குள் அட்டைகளை அடுக்கித் தாங்கு கொடுத்திருக்க வேண்டும். கொலாஜுக்குக் கேன்வாஸைவிட மரப்பலகையே ஏற்றது என்பது என் கருத்து. இறுகிய சரிவை மட்டமாக வைத்து மறுபூச்சு ஊற்றினால் தானே சமனாகிவிடும். இந்தக் குறைக்கு இரண்டாம் பூச்சு உண்மையான மருந்து.

அடிப்பக்கம் சொட்டிய ரெசின் கட்டிகளை ஹீட் கன்னால் இளக்கிக் கத்தியால் சீவலாம். அடி விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால் அதை ரெசின் ரப்பர்போல் இருக்கும்போதே உரித்துவிடுங்கள். முழுதும் இறுகிய பின் உரிப்பது கையையும் காயப்படுத்தும்.

அறிகுறி: குவளை கையில் சுடுகிறது, கலவை திடீரெனத் திரள்கிறது

எபாக்சியின் வினை வெப்பம் உமிழ்வது. அகன்ற பரப்பில் அந்த வெப்பம் தப்பிச் செல்லும். குவளைக்குள் தங்கி வினையை இன்னும் முடுக்கும். சூடான கலவையைப் படத்தில் ஊற்ற முயலாதீர்கள். அது பரவாது, கட்டியாக நிற்கும். குவளையை எரியாத தளத்தில், திறந்த வெளியில் வைத்துவிட்டு விலகியிருங்கள். புகையை முகர வேண்டாம். கலந்த உடனே முழுவதையும் ஊற்றிவிட்டுப் பிறகு பரப்பிக்கொள்வதும், பெரிய படத்துக்குச் சிறு சிறு கலவையாகச் செய்வதும் இதைத் தடுக்கும்.

அறிகுறி: தூசியும் முடியும்

ரெசின் இளகியிருக்கும்போது இடுக்கியால் எடுத்தால் தடம் தானே மூடிக்கொள்ளும். திரண்ட பின் தோண்டாதீர்கள். இறுக விட்டுத் தேய்த்து மறுபூச்சு போடுங்கள். மூடி வைக்கும் பெட்டியின் உட்புறத்தைத் துடைக்காமல் கவிழ்ப்பதுதான் பெரும்பாலான தூசிக்குக் காரணம்.

மறுபூச்சைப் பற்றி மேலே பலமுறை சொல்லியாயிற்று. முதல் பூச்சு ஒட்டும் நிலையில், ஆனால் விரலில் இழுபடாத நிலையில் இருக்கும் சில மணி நேரத்துக்குள் ஊற்றினால் இரண்டும் வேதிப்பிணைப்பால் ஒன்றாகிவிடும், தேய்க்கத் தேவையில்லை. அந்தக் கட்டம் கடந்துவிட்டால் கழுவி, பளபளப்பு முழுதும் போய் ஒரே சீராக மங்கும்வரை தேய்த்தே ஊற்ற வேண்டும். தேய்த்த பரப்பு பாழானதுபோல் தோன்றும். புது ரெசின் பட்டதும் கீறல்கள் அனைத்தும் மறைந்துவிடும்.

அறிகுறி: சில மாதங்களில் மஞ்சளாகிறது

மஞ்சளாவது ரெசினா, காகிதமா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். செய்தித்தாள் போன்ற மரக்கூழ்க் காகிதங்களில் மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் மிகுதி. ஒளி பட்டால் அவை எந்தப் பூச்சுக்கு அடியிலும் பழுக்கும். செய்தித்தாள் துண்டுகள் மட்டும் மாறி, அவற்றின் அருகிலுள்ள வெள்ளைத் துண்டுகள் மாறாமலிருந்தால் ரெசின் குற்றமற்றது. எல்லா வெண்மையும் ஒரேயடியாகத் தேன்நிறம் கொண்டிருந்தால், ரெசின் புறஊதா ஒளியால் மாறியிருக்கிறது. ஊற்றிய நாளிலேயே இளமஞ்சளாக இருந்திருந்தால் ஹார்டனர் பாட்டில் பழையது. திறந்து நாளான ஹார்டனர் பழுப்பேறுவது இயல்பு, அது இறுகும் தன்மையைப் பொதுவாகக் கெடுப்பதில்லை, நிறத்தைத்தான் கெடுக்கிறது.

மாறிய நிறத்தை மீட்க முடியாது. புறஊதாத் தடுப்பான் சேர்த்த ரெசினும் மாற்றத்தைத் தாமதப்படுத்துமேயன்றி நிறுத்தாது. நேர்வெயில் விழாத சுவரே அதற்கு ஏற்ற இடம். எவ்வளவு மாறியிருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள விரும்பினால், ஊற்றிய அன்று தேதி எழுதி மேசை இழுப்பறையின் இருட்டில் போட்டுவைத்த சாட்சித் துளியை எடுத்து வாருங்கள். படத்திலுள்ள வெண்மையான துண்டொன்றின் அருகே, அதே காகிதத்தின் வெட்டுத்துண்டு மேல் அந்தத் துளியை வைத்து, பகல் வெளிச்சத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.